எதிர்த்தரப்போடு பேச வேண்டாம்

என் தம்பி குத்தாலிங்கத்தை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது என் படுக்கையறை ஜன்னல் வழியாக. காலை ஏழு பத்து. வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரையைப் போட்டுவிட்டு டம்ளரை ஜன்னலில் வைக்கப் போனேன். சந்தில் நின்றுகொண்டிருந்தான், அவன் கட்டிய படிக்கட்டுக்குக் கீழே. வெளியே போகிற வெள்ளைச் சட்டை. வலது கை இரண்டாவது பொத்தானில் இருந்தது. பொத்தான் போடுகிறான் என்று நினைத்தேன். இன்று வரைக்கும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், ஆனால் பொத்தான் போடுகிறவன் விரல் அசையும், அவன் விரல் அசையவில்லை. "அண்ணே" என்றான். பன்னிரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை. நான் உள்ளங்கையைக் காட்டினேன், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. "எதுன்னாலும் வக்கீல்கிட்ட பேசிக்கோ" என்றேன். அவன் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடி இருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். கொக்கி விழவில்லை, மழைக்கு மரம் உப்பியிருந்தது, மறுபடியும் இழுத்துச் சாத்தினேன். அந்த இரண்டாவது இழுப்புக்கும் அவன் அங்கேதான் நின்றிருப்பான். பதினொரு மணிக்குப் பின்வீட்டிலிருந்து சங்கரவடிவு கத்துகிற சத்தம் கேட்டது.

அவன் பெண்டாட்டி சங்கரவடிவு இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். உள்ளே போய் முப்பத்தைந்து நிமிஷம் ஆகிறது. நான் வெளியே பெஞ்சில். கோர்ட் வளாகத்தில் இது ஒரு புதுக் கட்டடம், சமரச மையம் என்று போர்டு, உள்ளே நீதிபதி மேடை கிடையாது, கூண்டு கிடையாது, ஒரு வட்ட மேசை, எல்லாருக்கும் ஒரே உயரத்தில் நாற்காலி. என் கேஸ் நடக்கிற பழைய கோர்ட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் சைக்கிள் ஸ்டாண்டும்தான் தூரம், அதைத் தாண்ட எங்களுக்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. மூன்று நீதிபதிகள் மாறி, நாலாவதாக வந்தவர் கேஸ் கட்டைத் தூக்கிப் பார்த்து, "படிக்கட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு இங்கே அனுப்பிவைத்தார். காலையில் வந்ததும் சமரசம் பேசுகிற ஜெசிந்தா மேடம் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். அவளும் வக்கீல்தான், ஆனால் கறுப்புக் கோட்டு இல்லாமல் வாயில் புடவையில் இருந்தாள், யாரோ வீட்டுக்கு வந்த டீச்சர் மாதிரி. "இங்க நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பேசுறது நீங்க. இங்க பேசுறது எதுவும் கோர்ட்டுக்குப் போகாது. தனித்தனியாவும் கூப்பிட்டுப் பேசுவேன். அப்ப நீங்க எங்கிட்ட சொல்றதுல எதை அந்தப் பக்கம் சொல்லலாம்னு நீங்க சொல்றீங்களோ அதை மட்டும்தான் சொல்லுவேன். நான் எழுதுற குறிப்பைக்கூடக் கடைசியில கிழிச்சிருவேன்." கிழிச்சிருவேன் என்றபோது சங்கரவடிவு தலையை நிமிர்த்தினாள். அதுவரை மடியில் இருந்த மஞ்சள் பையையே பார்த்துக்கொண்டிருந்தவள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஏதோ ஒன்றைச் சொல்ல இடம் தேடிக்கொண்டிருந்தவள், இடம் கிடைத்துவிட்டது என்கிற மாதிரி நிமிர்ந்தாள்.

முதலில் என்னைத்தான் தனியாகப் பேசவிட்டார்கள், வாதி என்பதால். நான் அளவு சொன்னேன். எனக்கு அளவுதான் சொல்ல வரும். கிழக்குச் சந்து எங்கள் அப்பா காலத்தில் நாலடி, தெருவிலிருந்து பின்வீட்டுக்குப் போகிற ஒரே வழி, முன்வீடு எனக்கு, பின்வீடு அவனுக்கு, சந்து பொது. மாடி எடுத்தபோது படிக்கட்டைச் சந்துக்குள் பதினான்கு அங்குலம் நீட்டிவிட்டான். மிச்சம் முப்பத்து நாலு. என் ஜன்னலுக்கு வெளிச்சம் போயிற்று. இடிக்கச் சொல்லி கேஸ் போட்டேன். மேடம் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்றேன். மறுபடியும், "அண்ணன் தம்பிக்குள்ள வேற எதுவும்?" என்றாள். "ஒண்ணும் இல்ல." இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எனக்கு இருபது, அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிப் போகிறது. பதினான்கு அங்குலத்தைப் பற்றி முப்பத்தைந்து நிமிஷம் பேச முடியாது. ஜன்னல் சாத்தியதைப் பற்றிப் பேசலாம். அன்றைக்கு அவன் சந்திலிருந்து திரும்பிப் போய் அவளிடம் என்ன சொல்லியிருப்பான்? அண்ணன் மூஞ்சியில் அடித்த மாதிரி சாத்திட்டான் என்றா? அவன் செத்து ஒன்றேகால் வருஷமாக இதைத்தான் அவள் என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்திருக்கிறேன். கொடியில் துணி எடுக்கும்போதும், குழாயடியிலும், அவள் என்னைப் பார்க்காமல் போகிற ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லாமல் போகிறாள்.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், நாற்பது வயது இருக்கும், ஹெல்மெட்டை மடியில் வைத்துக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கொண்டிருக்கிறான். "அண்ணாச்சிக்கு எது, பிரிக்கவா சேர்க்கவா?" என்கிறான். "சந்து" என்கிறேன். "சந்தா! குடுத்து வச்சவுக. எனக்குப் பொண்டாட்டி. இது ஆறாவது வாய்தா. வீட்டுல பன்னெண்டு வருஷம் பேசுனதைவிட இங்க வந்துதான் அதிகம் பேசியிருக்கோம். போன தடவ, எனக்கு வெந்தயக் குழம்பு பிடிக்காதுன்னு சொன்னேன். முன்னாலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லங்கா. எப்படிண்ணாச்சி சொல்ல?" சிரிக்கிறான். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறேன். "உங்களுக்கு எதிர்த்தரப்பு யாரு?" "தம்பி" என்கிறேன். அப்புறம், "தம்பி பொண்டாட்டி" என்கிறேன். அவன் ஹெல்மெட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான், புரிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். எதிர்த்தரப்பு. எங்கள் வக்கீல் பாலசண்முகம் முதல் நாளே சொன்ன வார்த்தை. வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, மூக்குப்பொடி தட்டிக்கொண்டே, "ஐயம்பெருமாள், கேஸ் முடியுற வரைக்கும் எதிர்த்தரப்போட பேச வேண்டாம். நீ ஒண்ணு சொல்லுவ, அவன் அதை ஒத்துக்கிட்டதா வாக்குமூலத்துல சேர்ப்பான்" என்றார். தலையை ஆட்டினேன். அது ஒரு வக்கீல் ஆயிரம் கட்சிக்காரர்களிடம் போகிற போக்கில் சொல்கிற பேச்சு. நான் அதைச் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், அகராதியை வைத்துக்கொண்டு தானாகச் சட்டப்புத்தகம் படித்தவன், எழுதியிருப்பதற்கும் சொல்வதற்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றுபோல் மதித்தேன். அவன் வக்கீலும் அவனிடம் அதையே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அவனும் பேசவில்லை. எட்டு அடி தள்ளிக் குளிக்கிற சத்தம் கேட்கும், இருமுகிற சத்தம் கேட்கும், பேசவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படிந்தோம்.

நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருஷம் சங்கிலி பிடித்தவன் நான். சர்வேயர் தொப்பி போட்டுக்கொண்டு வரப்பில் நிற்பார், நான் முள்ளிலும் சகதியிலும் சங்கிலியின் முனையைப் பிடித்துக்கொண்டு போவேன். எந்த ஊருக்குப் போனாலும் அண்ணன் தம்பிதான். அண்ணன் ஒரு இளநீர் கொண்டுவந்து கொடுத்து, கண்ணைக் காட்டுவான், கொஞ்சம் இழுத்துப் பிடி என்று. அந்தப் பக்கம் போனால் தம்பி மோர் கொண்டுவந்து கண்ணைக் காட்டுவான், தொய்வாக விடு என்று. தொய்வாக விட்டால் நாலைந்து விரல்கடை வித்தியாசம் வரும். நான் யாருக்கும் தொய்வாக விட்டதில்லை. வீட்டுக்கு வந்து பகவதியிடம் சொல்லிச் சிரிப்பேன், நாலு விரல்கடைக்கு வெட்டிக்கிட்டுச் சாகுறானுவ என்று. பகவதி சிரிப்பாள். என் பெண்டாட்டி. அப்புறம் நான் சொந்தச் சந்தில் டேப்பை நீட்டினேனே, அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. படிக்கட்டுக்கு அடித்தளம் போட்ட அன்று. டேப்பின் இந்த முனை என் கையில், அந்த முனையைப் பிடித்தவன் குத்தாலிங்கம். வேறு யார் பிடிப்பார்கள்? நான் "இழுத்துப் பிடிடே" என்றேன், அவன் இழுத்துப் பிடித்தான், தனக்கு எதிரான அளவைத் தானே இழுத்துப் பிடித்துக் கொடுத்தான். "எவ்வளவுண்ணே?" "பதினாலு அங்குலம் உள்ள வருது." "கொத்தனார் தப்பா வச்சுட்டான் போல. கம்பி கட்டியாச்சேண்ணே." அந்த இடத்தில் நான், போனால் போகிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. வந்ததா? இப்போது அப்படி நினைக்கிறேன். சொன்னது, "அளவு அளவுதான்டே." முப்பத்தோரு வருஷம் ஊராருக்குச் சொன்னதையே சொன்னேன்.

கதவுக்குள் நாற்காலி நகர்கிற சத்தம். எழப்போகிறாள் என்று முதுகை நிமிர்த்துகிறேன். இல்லை. யாரோ தண்ணீர் கேட்டிருக்கிறார்கள், குமாஸ்தா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வெறுங்கையோடு வருகிறார். அழுகிறாளா? அழுதால்தான் தண்ணீர் கொடுப்பார்கள். கதவு திறந்த அந்த ஒரு விநாடியில் மேடத்தின் குரல், "மெதுவா சொல்லுங்க." மெதுவாகச் சொல்லவேண்டிய அளவுக்கு என்ன? பெட்டியைச் சொல்கிறாளோ. ஜன்னலை விட்டால் பெட்டி. ஜன்னலுக்கு ஆள் சாட்சி கிடையாது, பெட்டிக்குத் தெருவே சாட்சி. அவன் செத்த அன்று மகன் மஸ்கட்டிலிருந்து மறுநாள் சாயங்காலம்தான் வர முடியும் என்றதும் குளிர்ப்பெட்டி சொல்லிவிட்டார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வந்தார்கள். படிக்கட்டு வரைக்கும் வந்தது. அங்கே சந்து திரும்புகிறது, ஏழடிப் பெட்டி, முப்பத்து நாலு அங்குலத்தில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். "எண்ணே, கொஞ்சம் உங்க பக்கம் தூக்கு, ஏலே மோட்டார் இடிக்கும், பாத்து." நான் சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். எனக்குத் தெரியும் வழி. முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, பாகம் பிரித்த நாளில் என் பக்கம் தாழ் போட்டது. அதைத் திறந்துவிட்டால் தெருவிலிருந்து நேராகப் பெட்டி பின்வீட்டுக்கூடத்துக்குப் போகும், ஒரு இடத்திலும் திருப்ப வேண்டாம். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். கை வைத்தபடியே நின்றேன். திறந்தால், என் வீட்டு வழியாக அவனுக்குப் பாதை உண்டு என்று ஒத்துக்கொண்டதாக ஆகுமோ. தம்பி செத்துக் கிடக்கிறான், எனக்கு இது தோன்றியது. வேறு மனிதர்களுக்கு இப்படித் தோன்றுமா என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இந்த ஹெல்மெட்காரனிடம் கேட்கலாம். போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தார். மறுபடி கூப்பிட்டேன். கோர்ட் நேரம். இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார், விஷயத்தைச் சொன்னேன், "அட கிறுக்கா, தொறந்து விடுய்யா!" என்று கத்தினார். அதற்குள் பெட்டியைத் தெருவிலேயே வைத்து, உடம்பைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்து, பந்தல் போட்டுவிட்டார்கள். என் வாசலுக்கு நேராக. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தம்பி கண்ணாடிக்குள் என் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தான். வந்தவர்கள் எல்லாரும் அவனுக்கு மாலை போட்டுவிட்டு என் கதவை ஒரு பார்வை பார்த்தார்கள்.

பகவதி இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டுத் தாழை எடுத்திருப்பாள். அவள் போய் நாலு வருஷம். அவள் இருந்தவரைக்கும் எதிர்த்தரப்பு என்கிற பேச்சே அடுக்களைக்குள் நுழையவில்லை என்பது அவள் போனபிறகுதான் எனக்குத் தெரியும். முருங்கைக்கீரை அங்கிருந்து வந்திருக்கிறது, தோசைமாவு இங்கிருந்து போயிருக்கிறது, அடுக்களை ஜன்னல் வழியாக. குத்தாலிங்கத்துக்குச் சர்க்கரை வந்ததும், அவன் மகனுக்கு விசா கிடைத்ததும் எனக்கு எப்படித் தெரிந்திருந்தது? சாப்பிடும்போது பகவதி, யாரோ சொன்னாக என்று சொல்வாள். யார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும். அவள் செத்த அன்று குத்தாலிங்கம் தெருவில் எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி நின்றான், காலையிலிருந்து எடுக்கிற வரைக்கும். உள்ளே வரவில்லை, என் கையைப் பிடிக்கவில்லை. சுடுகாட்டுக்கு எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்தான். நான் திரும்பிப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். அப்போது பேசியிருக்கலாம். அடுத்த வாரம் வாய்தா இருந்தது.

"ஐயம்பெருமாள் சார், வாங்க." குமாஸ்தா. எழுந்தால் முட்டி பிடிக்கிறது. ஹெல்மெட்காரன், "நல்லபடியா முடியட்டும் அண்ணாச்சி" என்கிறான். உள்ளே சங்கரவடிவு இல்லை. மேசையில் பாதி குடித்த டம்ளர் இருக்கிறது. பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள், நடுவில் பாதிக் கண்ணாடி போட்ட கதவு, அதில் அவளுடைய மஞ்சள் பையின் நிறம் மட்டும் கலங்கித் தெரிகிறது. ஜெசிந்தா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்கிறாள். "படிக்கட்டை இடிக்கச் சம்மதிக்கிறாங்க" என்கிறாள். எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருக்கிறது. "எதுவும் பதிலுக்குக் கேக்கல. ஒரு மாசத்துல அவங்களே ஆள் வச்சு இடிச்சுத் தந்துருதேன்னாங்க. ஏம்மா, பதிமூணு வருஷம் நடத்துன கேஸை இப்படி விட்டுக்கொடுக்கீங்கன்னு நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். அதுக்கு ஒண்ணு சொன்னாங்க. அதை உங்ககிட்டச் சொல்லலாமான்னு கேட்டேன். சொல்லுங்க, அத்தானுக்குத் தெரியணும்னாங்க." நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். வரட்டும். ஒன்றேகால் வருஷம் காத்திருந்தது வரட்டும்.

"அவர் இறந்த அன்னைக்குக் காலையில நெஞ்சு கரிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஆட்டோ கூப்பிடுதேன்னு இவங்க சொன்னதுக்கு, வேண்டாம், அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சட்டையைப் போட்டுக்கிட்டு உங்க ஜன்னலுக்கு வந்தாராம். போன வேகத்துல திரும்பி வந்துட்டாராம். அண்ணன் வீட்ல இல்ல, எங்கயோ வெளிய போயிருக்கான், வந்தப்புறம் போய்க்கலாம்னு சொல்லிட்டுப் படுத்துட்டாராம்." மேடம் நிறுத்துகிறாள். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "உங்களைக் குறை சொல்லல சார். நீங்க வீட்ல இருந்திருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீங்க, எங்க தலையெழுத்துன்னுதான் சொன்னாங்க. கடைசியா அவர் வேணும்னு நெனச்சது அண்ணனைத்தான், அப்புறம் எனக்கெதுக்கு அந்தப் படின்னாங்க."

வீட்ல இல்ல. எங்கயோ வெளிய போயிருக்கான். இதைச் சொல்வதற்குச் சந்திலிருந்து அடுக்களை வரைக்கும் அவனுக்கு எத்தனை எட்டு இருந்திருக்கும்? எனக்குத் தெரியும், இருபத்தாறு அடி, நெஞ்சு வலியோடு நடக்கிறவனுக்குப் பதினைந்து பதினாறு எட்டு. அதற்குள் யோசித்திருக்கிறான். என் உள்ளங்கையை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று. வந்தப்புறம் போய்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறான், வீட்டிலேயே இருக்கிறவன் எங்கிருந்து வருவான், வர மாட்டான் என்று தெரிந்து சொன்னானா, இல்லை மனசு கேட்காமல் பத்து நிமிஷத்தில் இவன் ஜன்னலைத் திறந்து என்னடே என்று கேட்பான் என்று நினைத்தானா? படுத்தபடி ஜன்னல் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தானா? ஏழு பத்திலிருந்து பதினொன்று. நான் அந்த நேரத்தில் பேப்பர் படித்தேன். பூண்டு உரித்தேன். மேடம், "அப்ப ஒப்பந்தம் எழுதிரலாமா?" என்கிறாள். எழுதிவிடலாம். எழுதிவிட்டால் முடிந்தது. படிக்கட்டு போய்விடும், ஜன்னலுக்கு வெளிச்சம் வரும், அவளும் இனிமேல் குழாயடியில் என்னை நிமிர்ந்து பார்ப்பாள், அவள் என்னைப் பாராமல் போனதெல்லாம் தம்பி பெண்டாட்டி புருஷனின் அண்ணனிடம் காட்டுகிற வெறும் மரியாதைதான் போலிருக்கிறது. குத்தாலிங்கமே எழுதிக்கொடுத்துவிட்டுப் போன சாட்சியம் எனக்கு இருக்கிறது. மறுக்க ஒரு ஆள் கிடையாது. கோர்ட்டாக இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன், திறக்காதே என்றுதான் பழகியிருக்கிறேன். களைப்பாக இருந்தது. எதற்கென்று தெரியாத களைப்பு. இழுத்துப் பிடித்த முனை கையிலேயே இருக்கிறது, அந்தப் பக்கம் ஆள் இல்லை.

"அவளைக் கூப்பிடுங்கம்மா" என்றேன். "கையெழுத்துக்கா?" "இல்ல. ஒண்ணு சொல்லணும். நீங்களும் இருங்க." சங்கரவடிவு வந்து உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் மேடம் சொன்னதால் உட்கார்ந்தாள், மற்றபடி எனக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. "உக்காரு" என்றேன். அவளிடம் நேராக நான் பேசிப் பதின்மூன்று வருஷம். உட்கார்ந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது, இவ்வளவு கிட்டத்தில் பார்க்காததால் தெரியவில்லை. "அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "எங்கிட்ட வந்தான். அண்ணேன்னு கூப்பிட்டான். வக்கீல்கிட்ட பேசிக்கோன்னு சொல்லி ஜன்னலைச் சாத்துனேன். நெஞ்சுல கை வச்சிருந்தான். பாத்தேன்." கடைசி வார்த்தையை இதுவரை நான் எனக்குள்கூடச் சொன்னதில்லை. மேசையில் வந்து விழுந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.

மேடம் குறுக்கே வரவில்லை. சங்கரவடிவு பையின் காதை ஒரு சுற்று சுற்றினாள், பிரித்தாள். "அவுக எங்கிட்ட ஒரு பொய் சொன்னது கிடையாது அத்தான்" என்றாள். என்னை நம்பவில்லையா, அவனை நம்பியது போயிற்று என்கிறாளா? "முப்பத்தி ரெண்டு வருஷத்துல ஒண்ணு கிடையாது" என்றாள், இந்தத் தடவை மேடத்தைப் பார்த்து, அவள் ஏதோ பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்தாள். நேராக. "இதச் சொல்லாம இருந்திருக்கலாம்லா நீங்க." "இருந்திருக்கலாம்." "எனக்கு அது ஒண்ணுதானே இருந்தது. அண்ணன் இல்லாமப் போயிட்டாகன்னு. இருந்துக்கிட்டேவா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஆட்டோ கூப்பிட்டிருப்பேனே. நீங்க வருவீகன்னுலா அவுகளைப் படுக்க விட்டேன். ரெண்டு தடவ வாசல் வரைக்கும் வந்து நீங்க வந்தாச்சான்னு பாத்துட்டுப் போனேன்." நான் அந்த இரண்டு தடவையை யோசித்தேன். என் கதவு சாத்தியிருந்தது. தட்டியிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாய் இல்லை, அவளுக்கும் யாராவது வக்கீல் பேச வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

மேடம் மெதுவாக, "இன்னொரு நாள் வச்சுக்கிடலாமா?" என்றாள். "வேண்டாம்மா" என்றாள் சங்கரவடிவு. "படியை நான் இடிக்க மாட்டேன். அவுக கட்டுனது. அது அங்கதான் இருக்கும். இவுக தினமும் பாக்கட்டும்." மேடம் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "எழுதிருங்கம்மா. கேஸை நான் திரும்ப வாங்கிக்கிடுதேன். சந்து பொது. படிக்கட்டு இருக்கட்டும்." குமாஸ்தா தட்டச்சு செய்தார். ஒரே பக்கம். வாதியும் பிரதிவாதியின் வாரிசும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டதாக, இனி ஒருவர்மீது ஒருவருக்கு எந்தக் குறையும் இல்லை என்பதாக. குறை இல்லை என்கிற வரியில் சங்கரவடிவின் பேனா கொஞ்சம் நின்றது, அப்புறம் கையெழுத்துப் போட்டாள். மேடம் தன் குறிப்புத் தாள்களை எடுத்து எங்கள் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தாள். சங்கரவடிவு அதைக் கடைசித் துண்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது, ஹெல்மெட்காரன் உள்ளே போயிருந்தான். அவள் வேப்பமரத்தைத் தாண்டி முன்னால் நடந்தாள், பஸ் நிறுத்தத்துக்கு. நான் நாற்பதடி விட்டு நடந்தேன். ஒரே பஸ்தான் எங்கள் பக்கம் போகும். அவள் முன்படியில் ஏறினாள், நான் பின்படியில்.

அதற்கப்புறம் எட்டு மாசம் ஆகிறது. அவள் மகன் மஸ்கட்டுக்கு வந்துவிடச் சொல்கிறானாம், அவள் போகவில்லை. என் மகள் திருப்பூருக்குக் கூப்பிடுகிறாள், நானும் போகவில்லை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை, இப்போது அதற்கு எந்த வக்கீலும் காரணமில்லை. பத்திரத்தில் எங்கள் மனை மூன்றேகால் சென்ட். அதில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.